‘அப் இன் ஸ்மோக்’ படத்தை இன்று மறுபடி பார்ப்பது எப்படி

சீச் மரினும் டாமி சாங்கும் நடித்து 1978இல் வந்த கஞ்சா நகைச்சுவைப் படம் இது. கதை நடக்கும் கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் 21 வயது நிரம்பியவர் கடையிலேயே கஞ்சா வாங்கலாம். அதனால், ‘போலீஸுக்குப் பயந்து ஓடுவதில் என்ன சிரிப்பு?’ என்று இன்று தோன்றலாம். இரண்டு ராத்திரி ஒதுக்குங்கள். எந்தச் சிரிப்பு செத்தது, எது பிழைத்தது என்று பிடிபடும்.

டிவிக்காக வெட்டாத, சுமார் 86 நிமிடம் ஓடும் பிரதியைத் தேடி எடுங்கள். ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். சீச் பேசுவது ஸ்பானிஷ் கலந்த லாஸ் ஏஞ்சலஸ் பேச்சு. சப்டைட்டில் இல்லாவிட்டால் பாதி நக்கல் காதில் விழாமலே போய்விடும்.

பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். 1970: அமெரிக்க மத்திய சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் சேர்த்தது. 1976: கலிஃபோர்னியாவில் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரை வைத்திருந்தால் அதிகபட்சம் 100 டாலர் அபராதம்தான் என்றானது. 1977: ஒரு அவுன்ஸ் வரைக்கும் மத்திய அரசின் குற்றத் தண்டனையை நீக்கும்படி அதிபர் கார்ட்டர் நாடாளுமன்றத்தைக் கேட்டார். 1996: கலிஃபோர்னியாவில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி.

பலர் தவறுவது இங்கேதான். 1978 என்றாலே இருண்ட காலம் என்று நினைத்துவிடுகிறார்கள். பிடி தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த படம் இது. இறுக்கிப் பிடித்தது எண்பதுகளில். பிடி தளர்ந்த நேரத்தின் துணிச்சல் படம் முழுக்கத் தெரியும்.

முதல் ராத்திரி நிறுத்தாமல் பாருங்கள். சிரித்த இடத்தில் நிமிடத்தை மட்டும் குறியுங்கள். இரண்டாம் ராத்திரி அந்த இடங்களில் நிறுத்தி ஒரே சோதனை செய்யுங்கள்: கஞ்சாவை எடுத்துவிட்டு அங்கே ஒரு பீர் பாட்டிலை வையுங்கள். அப்போதும் காட்சி சிரிக்க வைக்கிறதா?

கார் காட்சியில் பெரிய கஞ்சாச் சுருட்டு ஒன்று எரிகிறது, உள்ளே முழுக்கப் புகை. ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள், கார் சாலை நடுத்திட்டில் நிற்கிறது. பீர் வைத்தால் இது குடிபோதையில் கார் ஓட்டும் காட்சி. இங்கே சிரிப்பு குறைந்தால் கஞ்சாச் சட்டம் காரணமல்ல, சாலை விபத்து பற்றிய நம் பார்வை மாறியதுதான். போதையில் ஓட்டுவது கலிஃபோர்னியாவில் இன்றும் குற்றம்.

அடுத்தது நீதிமன்றம். நீதிபதியின் மேசைக் கூஜாவில் இருப்பது தண்ணீரல்ல, வோட்கா என்று தெரிந்ததும் வழக்கே கலைகிறது. சோதனைக்கு மாற்றிவைக்கவே வேண்டாம், கஞ்சா இருந்த இடத்தில் மதுவைப் படமே வைத்துக் காட்டிவிட்டது. என் கணக்கில் படத்தின் கூர்மையான இடம் இதுதான்.

சீச்சின் உறவினர்கள் மெக்ஸிகோ எல்லை நகரமான டிஹுவானாவில் நடக்கும் கல்யாணத்துக்கு ஓசிப் பயணம் வேண்டித் தாங்களே குடியேற்றத் துறையைக் கூப்பிட்டுப் பிடிபடும் காட்சியில் கஞ்சாவே கிடையாது. எந்தச் சட்டம் மாறினாலும் அது பழசாகாது. கஞ்சாவாலேயே செய்த வேன் எல்லை தாண்டும் கதையோ தடை இருந்தால்தான் ஓடும். அதை அந்தக் காலத்துக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பெண்களை வைத்துச் செய்த கேலிகள் மோசமாக வயதாகிவிட்டன. அவற்றுக்குச் சாக்குச் சொல்லாமல் ‘செத்தது’ என்றே குறியுங்கள்.

கடைசியாக ஒன்று. 2003இல், கஞ்சா புகைக்கும் கண்ணாடிக் குழாய் விற்பனை வழக்கில் டாமி சாங்குக்கு மத்திய நீதிமன்றம் ஒன்பது மாதச் சிறை விதித்தது. அவர் படங்கள் காவல்துறையின் வேலையை அற்பமாக்கியதை அரசுத் தரப்பு அவருக்கு எதிராக எடுத்துவைத்தது. 2024இல் இதே படத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. இந்த இரண்டையும் தாளின் அடியில் எழுதிவிட்டு, படத்தில் வரும் போதைப்பொருள் தடுப்புப் போலீஸ்காரர் சார்ஜென்ட் ஸ்டெடென்கோ துரத்தும் காட்சிகளை மட்டும் மூன்றாவது முறை ஓட்டிப் பாருங்கள்.