முப்பத்தெட்டு வயதில் ஐடிஐ: உதவித்தொகை கைக்கு வந்து சேர என்ன செய்ய வேண்டும்?

பத்தாம் வகுப்போடு நின்று இருபது வருடம் கழித்து, அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தேன். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது; ஆண்களுக்கு 40. தெரிந்திருந்தால் முன்பே சேர்ந்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரசு ஐடிஐயில் பயிற்சி இலவசம். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். சேர்ந்தபின் மாதம் 750 ரூபாய் தருகிறார்கள், பஸ் பாஸும் உண்டு. பத்தாவது முடித்த எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையும் கிடைக்கும். எனக்குச் சிக்கல் வந்தது இந்த உதவித்தொகையில்தான்.

1. விண்ணப்பம்

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். பிரவுசிங் சென்டரை விட, ஐடிஐயிலேயே சேர்க்கை நேரத்தில் இருக்கும் உதவி மையம்தான் என் தேர்வு. எந்தப் பிரிவுக்கு எட்டாவது போதும், எதற்குப் பத்தாவது வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

2. வருமானச் சான்று

இ-சேவை மையத்தில் வாங்கலாம். திருமணமாகி, வேலையில் இல்லாத பெண் என்றால் பார்ப்பது கணவரின் வருமானத்தை. சாதிச் சான்று மட்டும் அப்பா வழிதான். இரண்டும் வேறு வேறு பெயரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

3. வங்கிக் கணக்கு: இங்கே நிதானமாகப் படியுங்கள்

விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கூடப் படித்தவர்களுக்குப் பணம் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்கு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் "ஆதார் லிங்க் ஆகியிருக்கும்மா" என்றுதான் பதில். அது உண்மைதான். ஆனால் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி என்பிசிஐயில் (வங்கிகளுக்கு இடையே பணம் போய்ச்சேர வழிசெய்யும் தேசிய அமைப்பு) இணைப்பது வேறு; இந்த இணைப்பைத்தான் 'சீடிங்' என்கிறார்கள். ஒரு ஆதாருக்கு அங்கே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எதை இணைத்தோமோ அதற்கே பணம் போகும். என் ஆதார், எப்போதோ கேஸ் மானியத்துக்காகத் திறந்து, பிறகு தொடாமலே விட்ட கணக்கோடு இணைந்திருந்தது.

நீங்களே பார்த்துவிடலாம். மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போங்கள். "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்பதை அழுத்தினால் வங்கியின் பெயரும், இணைப்பு ஆக்டிவா இல்லையா என்பதும் தெரியும். ஓடிபி வர, ஆதாரில் உங்கள் இப்போதைய மொபைல் எண் இருக்க வேண்டும்.

வேறு வங்கி காட்டினால், நீங்கள் பயன்படுத்தும் வங்கிக்குப் போய் "டிபிடிக்காக என்பிசிஐ சீடிங் செய்ய வேண்டும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள் (டிபிடி என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது). வெறுமனே ஆதார் லிங்க் என்றால் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள். சில நாள் கழித்து தளத்தில் மறுபடி பாருங்கள். கேஸ் மானியமும் இனி இந்தக் கணக்குக்கே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கே இல்லாதவர்களுக்கு இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியைத்தான் சொல்வேன். தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்துத் திறந்துகொடுக்கிறார். சீடிங்கையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தங்கை, மதிப்பெண் பட்டியலில் அப்பா இனிஷியலும் ஆதாரில் கணவர் இனிஷியலும் இருப்பதால் விண்ணப்பம் நிற்கிறது என்று எழுதியிருந்தார். நம் ஊரில் திருமணமான பெண்கள் பலருக்கும் இதே நிலைமைதான். பத்தாம் வகுப்புச் சான்றை மாற்றுவது பெரும்பாடு. ஆதாரை மாற்றுவது அதைவிட எளிது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, புள்ளி, இடைவெளி உட்பட எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு ஆதார் மையத்தில் சொல்லுங்கள். ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் இன்னொரு முறை படியுங்கள். அதற்கப்புறம் வங்கியிலும் அதே பெயரைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள் தங்கச்சி, சேர்க்கை அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.