கறுக்காத பட்டை

கோவையிலிருந்து ஊட்டிக்கு ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக வந்த புதிது. சிசேரியனுக்கு கருவிகள் கட்டிய பேக்கைப் பிரித்தால், உள்ளே இண்டிகேட்டர் பட்டை (கிருமி நீங்கும் அளவு சூடு கிடைத்தால் கறுக்கும்) பழுப்பிலேயே நிற்கிறது. அந்த செட்டைத் தொடவில்லை; மாற்று செட் இருந்ததால் பிழைத்தோம்.

ராத்திரி முழுக்க அதே யோசனை. கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் பழசு. கோவையில் செய்தது போலவே பிரஷர் முள் 15 பவுண்டைத் தொட்டதும் நேரம் எண்ணியிருந்தேன். கடல்மட்டத்தில் அதற்கு 121 டிகிரி வரும். இங்கே 2,240 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு; முள் காட்டுவது அதற்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். அதே 15-க்கு 117 டிகிரிதான். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊர் அல்லவா!

பயோமெடிக்கல் இன்ஜினியர் அண்ணன் மெஷினின் தாங்குதிறனைப் பார்த்துவிட்டு வால்வை 19-க்கு மாற்றித் தந்தார். இப்போது தெர்மாமீட்டர் 121 காட்டிய பிறகே நேரம் எண்ணுகிறேன். பட்டை கரியாய்க் கறுக்கிறது.