ரெண்டும் வேணும்னு அழுற புள்ளைக்கு நாம செய்யற தப்புங்க

தீவுத்திடல் பொருட்காட்சிக்கு ஒருதடவ பசங்கள கூட்டிட்டு போனா போதும், எகனாமிக்ஸ் பாடம் மொத்தமும் அங்கயே கெடக்கு. கையில 100 ரூபா, ராட்டினமும் ஏறணும், டெல்லி அப்பளமும் வேணும், லைட் எரியற பம்பரமும் வேணும், எத எடுத்தாலும் மத்த ரெண்டுக்கும் பத்தாது. ப்ளஸ் ஒன் புக்ல கிடைப்பருமை இலக்கணம்னு, அதாவது ஆசை நெறைய, கையில இருக்கறது கம்மி, அதனால எதையாவது தேர்ந்தெடுத்தே ஆகணும்னு, ராபின்ஸ்ங்கற பொருளாதார அறிஞர் 1932ல சொன்னதுன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனோமே, அதேதான்.

இங்க நாம மொதல்ல விடுறது ஒரு பொய். "அப்பாகிட்ட காசே இல்லடா"ன்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷமே காபி, பஜ்ஜின்னு ஃபோன எடுத்து ஸ்கேன் பண்றோம், புள்ள பாத்துட்டுதான் நிக்குது. காசு இருக்கு, ஆனா அது ஸ்கூல் ஃபீஸுக்குன்னு உள்ளத சொன்னாலே புரிஞ்சிக்கும்.

அடுத்தது நானே பண்ணது, இதுதான் பெரிய தப்பு. பொண்ணு யோசிச்சு யோசிச்சு பம்பரம் வாங்குனா, பஸ் ஸ்டாப் வர்றதுக்குள்ள அது ஒடஞ்சிடுச்சு, ஒரே அழுகை. மனசு கேக்காம திரும்பப் போயி அப்பளம் வாங்கிக் குடுத்தேன். அவளப் பொறுத்தவரைக்கும் அன்னிக்கு எதையுமே விட்டுக்குடுக்கல, அப்புறம் என்னத்த கத்துக்குவா? அடுத்த வருஷம் யோசிக்கவே இல்ல, கண்ணுல பட்டத எடுத்துட்டா, அழுதா இன்னொண்ணு வரும்னு தெரியுமே! தாத்தா பாட்டி கூட வந்தா கேக்கவே வேணாம். அழட்டும், மடியில வச்சு சமாதானம் பண்ணுங்க, பர்ஸ மட்டும் தொறக்காதீங்க. அதுக்காக "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னும் ஆரம்பிக்காதீங்க, அது அழுகையவிட மோசம்.

ஒண்ண எடுக்குறதுக்காக எத விட்டுக்குடுக்குறோமோ அதுக்குப் பேருதான் வாய்ப்புச் செலவு. அத விளக்குறப்ப பெரியவங்களே கொழம்புறாங்க, ராட்டினம் ஏறுனதால அப்பளமும் போச்சு பம்பரமும் போச்சுன்னு ரெண்டையும் கூட்டிடுறாங்க. அந்த 100 ரூபாய்க்கு எப்படியும் ஒண்ணுதானே வந்திருக்கும், அதனால ரெண்டாவதா எத ஆசப்பட்டாளோ அது மட்டும்தான் கணக்கு. "ராட்டினம் இல்லன்னா எத எடுத்திருப்ப?"ன்னு கேளுங்க, வர்ற பதில்தான் வாய்ப்புச் செலவு. டிக்கெட் வெல இல்ல.

காசு வச்சுதான் இதெல்லாம் சொல்லணும்னும் இல்ல. ஞாயித்துக்கிழம சாயங்காலம் தெருவுல கிரிக்கெட்டா, டிவில கார்ட்டூனா? பைசா செலவில்ல, ஆனா ஒண்ணுதான் நடக்கும். யூகேஜி பசங்களுக்கு இங்கருந்து ஆரம்பிக்கிறது ஈஸி, ரெண்டே ரெண்டு சாய்ஸ் குடுங்க, பத்து குடுத்தா திருதிருன்னு முழிக்கும்.