பழைய அமெரிக்க இதழ்களில் இலட்சியத்தைத் தேடிப் படிக்கும் முறை

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க இதழொன்றின் இலட்சியத்தை அறிய விரும்புபவர், அதன் முதல் இதழையோ உரிமையாளர் மாறிய நாளின் இதழையோ முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசகருக்கு வெளிப்படையாக வாக்குறுதி தரப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்து, பெயருக்குக் கீழுள்ள குறிக்கோள் வரியை நிதானமாகப் படியுங்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1847இல் ரோசெஸ்டரில் தொடங்கிய ‘நார்த் ஸ்டார்’, நீதிக்குப் பால் பேதமில்லை, உண்மைக்கு நிறமில்லை என்று அறிவித்தது. அடிமை ஒழிப்புக்காகப் பிறந்த ஏடு நிறத்தைப் பேசியதில் வியப்பில்லை. பெண்ணுரிமையையும் அதே மூச்சில் சொன்னதுதான் கவனிக்கத்தக்கது. மறு ஆண்டு செனெகா ஃபால்ஸில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் டக்ளஸ் பங்கேற்றுப் பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தார் என்பதால், அந்த வரி வெறும் அலங்காரமன்று.

இவ்வாறே ஒவ்வொரு வாக்குறுதியையும் உட்பக்கச் செய்திகளோடும் விளம்பரங்களோடும் ஒப்பிட வேண்டும். 1883இல் ‘நியூயார்க் வேர்ல்ட்’ ஏட்டை வாங்கிய ஜோசப் புலிட்சர் மக்களுக்காகப் போராடுவதாக எழுதினார். 1898இல் ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கியபோது, அதே ஏடு போட்டிப் பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட்டின் ‘ஜர்னல்’ ஏட்டோடு பரபரப்புப் போட்டியில் இறங்கியது. இதை மட்டும் கண்டு எல்லாம் போலி என்று தீர்ப்பெழுதிவிடாமல், சுதந்திரதேவி சிலையின் பீடத்துக்காக 1885இல் எளிய வாசகர்களிடம் சிறுசிறு தொகைகளாக 1,00,000 டாலருக்கு மேல் அந்த ஏடு திரட்டிய மாதங்களின் இதழ்களையும் புரட்டிப் பாருங்கள்.