மல்லாட்டைக் கொல்லையில் குதிரைமசால் ஏன் மஞ்சளடிக்கிறது?

மல்லாட்டை (வேர்க்கடலை) போட்ட கொல்லைதானே, குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் தானாக வேர்முடிச்சு வைத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் குடியாத்தம் பக்கம் நாங்கள் விதைத்தோம். ஒன்றரை மாதத்தில் பயிர் வெளிறிவிட்டது. தோண்டிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. வேலூர் மாவட்டத்தில் மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் பலர் செய்யும் தவறு இது.

வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துப் பயிருக்குக் கொடுக்கும் ரைசோபியம் என்பது ஒரே பாக்டீரியா அல்ல. மல்லாட்டைக்கும் காராமணிக்கும் துணை நிற்பது பிராடிரைசோபியம் கூட்டம். குதிரைமசால் மேற்கு ஆசியாவிலிருந்து வந்த பயிர். அதற்கு வேண்டியது சினோரைசோபியம் மெலிலோட்டி. வேர் கசியவிடும் பொருளை உணர்ந்து பாக்டீரியா ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது அந்தப் பயிருக்குப் பொருந்தினால்தான் வேர் அதை உள்ளே விடும். முயல்மசாலும் வேலிமசாலும் அமெரிக்கக் கண்டத்துத் தீவனப் பயிர்கள். முயல்மசால் பெரும்பாலும் மல்லாட்டைக் கூட்டத்தோடு ஒத்துப்போகும், வேலிமசால் அப்படிப் போகாது. அதனால் 'ரைசோபியம் கொடுங்கள்' என்று மட்டும் கேட்காமல், பயிரின் பெயரைச் சொல்லி அதற்கான பாக்டீரியாப் பொட்டலத்தைக் கேளுங்கள்.

சரி, சரியான பொட்டலமே கிடைத்தாலும் பாக்டீரியாவை நாமே கொன்றுவிடுகிறோம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைப்பது ஒன்று. வேலிமசால் விதையின் தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் நான்கைந்து நிமிடம் போட்டு, பிறகு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்போம். அந்த வேலை முடிந்த பிறகுதான் பாக்டீரியாவைக் கலக்க வேண்டும். கலக்கும் அரிசிக் கஞ்சியும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதைத்துவிடுங்கள்.

இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைத் தேடுவது அடுத்த தவறு. பயிர் பச்சையாகும், உண்மைதான். ஆனால் மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால், செடி தன் மாவுச்சத்தைச் செலவழித்து முடிச்சு வளர்க்காது. அடியுரமாகக் கொஞ்சம் போதும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மட்டும் விட்டுவிடாதீர்கள், முடிச்சுக்கு அது கட்டாயம் வேண்டும்.

அப்புறம், செடியைப் பிடுங்கிப் பார்த்து 'முடிச்சே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். குதிரைமசால் முடிச்சு மல்லாட்டையில் இருப்பதுபோல் உருண்டையாக இருக்காது. மெல்லிய வேர்களில் சிறு விரல்போல நீண்டிருக்கும். பிடுங்கினால் மண்ணோடு போய்விடும். மண்வெட்டியால் மண்கட்டியோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். விரலால் தேய்த்தால் தனியே உதிர்வது வேர்முடிச்சு. உதிராமல் வேரே தடித்திருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது. எல்லாமே வெளுத்துக் கிடந்தால், அடுத்த விதைப்புக்கு வேறு பொட்டலம் வாங்குங்கள்.