ஆளுக்கொரு நியாயம்: குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின்கள் செய்யும் தவறுகள்

விதி கடுமையாக இருந்தால் குடியிருப்புவாசிகள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வார்கள். அது ஆளுக்கு ஆள் மாறினால்தான் பொறுக்க மாட்டார்கள். மூன்றாவது மாடி வாடகைக்காரர் வீட்டில் அரைத்த சாம்பார் பொடிக்கு விளம்பரம் போட்டால் ஐந்தே நிமிடத்தில் காணாமல் போகிறது. சங்கத்தின் முன்னாள் செயலாளர் தன் மைத்துனரின் மனை விற்பனையைப் போட்டால் இரண்டு நாள் அப்படியே இருக்கிறது. நாலு பேர் கும்பிடு வேறு போடுகிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். யாரும் கவனிக்கவில்லை என்று அட்மின் மட்டும் நம்பிக்கொண்டிருப்பார்.

இதற்கு அட்மினின் ஓரவஞ்சனை மட்டும் காரணமில்லை. பாதிப் பழி விதியை எழுதிய விதத்துக்குப் போக வேண்டும். ‘அரசியல் வேண்டாம்’, ‘கண்ணியம் காக்கவும்’ என்று இரண்டு வரி எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. “தெருவில் சாக்கடை ஓடுகிறது, கவுன்சிலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை” என்று ஒருவர் எழுதுகிறார். இது அரசியலா, புகாரா? காலையில் பார்க்கும் அட்மின் விட்டுவிடுவார். கவுன்சிலரின் கட்சிமேல் பற்றுள்ள இன்னொரு அட்மின் மாலையில் நீக்குவார். இரண்டு பேருமே விதிப்படிதான் நடந்தோம் என்பார்கள்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கட்சி, தேர்தல், தலைவர்கள் பற்றிய பதிவு வேண்டாம். நம் தெருவின் தண்ணீர், சாக்கடை, கரண்ட் பற்றிய புகாரைப் போடலாம். பொறுப்பில் இருப்பவரின் பதவியைக் குறிப்பிடலாம்.’ கொஞ்சம் நீளம்தான். ஆனால் எந்த அட்மின் படித்தாலும் ஒரே முடிவுக்கு வருவார்.

அட்மினின் அபிப்பிராயமே தேவைப்படாத விதி கிடைத்தால் இன்னும் நல்லது. வதந்தி விஷயத்தில் அப்படி ஒன்று தயாராகவே இருக்கிறது. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த ஃபார்வர்டுக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ‘இரட்டை அம்பு இருந்தால் நீக்கப்படும்’ என்று வைத்துவிட்டால், செய்தி உண்மையா பொய்யா, போட்டவர் பெரியவரா சின்னவரா என்ற பேச்சே எழாது. நல்ல தகவலும் சில சமயம் அடிபடும். பரவாயில்லை, அவரே சொந்தமாக டைப் செய்து போடட்டும்.

அடுத்தது, காரணம் சொல்லாமல் நீக்குவது. எந்த அட்மின் நீக்கினார் என்று அந்த இடத்திலேயே பெயரோடு தெரிந்துவிடும். ஏன் என்பது மட்டும் தெரியாது. அந்த இடைவெளியை லிஃப்டில் நடக்கும் பேச்சு நிரப்பிக்கொள்ளும். நீக்கியவுடன் போட்டவருக்குத் தனியாக ஒரு வரி போதும்: “சார், விற்பனைப் பதிவு ஞாயிறு மட்டும். அன்றைக்குப் போடுங்கள்.” இதைக் குரூப்பிலேயே எல்லார் முன்னாலும் சொல்லி மானத்தை வாங்குவது வேறு வினை.

தண்டனையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவரை மட்டும் சில நாள் பேசவிடாமல் வைக்கும் வசதி டெலிகிராமில் உண்டு, வாட்ஸ்அப்பில் இல்லை. அதனால் கோபத்தில் ஒன்று ஆளையே தூக்குகிறார்கள், அல்லது ‘அட்மின் மட்டும்’ என்று மொத்தக் குரூப்பையும் பூட்டுகிறார்கள். தூக்கினால் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரி வரும் நேரம் எதுவும் அந்த வீட்டுக்குத் தெரியாமல் போகும். முக்கிய அறிவிப்புக்குத் தனிக் குரூப் வைத்து, அதிலிருந்து எவரையும் நீக்குவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சுக் குரூப்பில் முதல் தடவை தனிச்செய்தி, மறுபடியும் செய்தால் ஒரு வாரம் வெளியே. அந்த ஒரு வாரம் முன்னாள் செயலாளருக்கும் ஒரு வாரம்தான்.

சிலர் பயத்தில் கண்டதையெல்லாம் நீக்குகிறார்கள். யாரோ எதையோ போட்டால் போலீஸ் அட்மினைத்தான் பிடிக்கும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. உறுப்பினர் போட்டதற்கு, அட்மினாக இருந்த ஒரே காரணத்தால் அட்மின் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன. அட்மினும் சேர்ந்துகொண்டு தூண்டிவிட்டால் கதை வேறு.

அப்புறம், தான் சம்பந்தப்பட்ட சண்டைக்குத் தானே தீர்ப்புச் சொல்லும் அட்மின். பார்க்கிங் தகராறில் எதிர்வீட்டுக்காரர் பதிவை அவரே நீக்கினால், நியாயமாகவே செய்திருந்தாலும் எவரும் நம்பமாட்டார்கள். இன்னொரு அட்மினிடம் விட்டுவிட வேண்டும். அதற்கு அட்மின்கள் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அவர்களில் ஒருவராவது வாடகைக்காரராக இருந்தால் நல்லது.

மூன்று பேருக்குள் ஒரு சின்னக் குரூப் வைத்து, ஒவ்வொரு முடிவையும் ஒரு வரியில் எழுதிக்கொண்டே வாருங்கள்: என்ன பதிவு, என்ன செய்தோம், ஏன். அடுத்த முறை அதேபோல் ஒன்று வந்தால் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நிர்வாகக் குழு மாறும்போது புதியவர்களையும் அதில் சேர்த்துவிட்டு, பழைய முடிவுகளை மொத்தமாக அனுப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய செய்திகள் தானாகக் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.