என் ஃபைல் எனக்கே தெறக்கல

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல நம்ம ஆபிஸ் சின்னது, லினக்ஸ் மெஷின் 4, எல்லாத்துக்கும் சர்வர்ல ஒரே என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா பகிர்ற) ஃபோல்டர். போன வாரம் அக்கவுண்ட்ஸ் அக்கா மெஷின புதுசா இன்ஸ்டால் பண்ணேன், மறுநாளே "தம்பி, என் ஃபைல் எனக்கே தெறக்கல, ஆனா ஸ்டோர் பையனோடது தெறக்குதுப்பா"ன்னாங்க. 'எல்எஸ் -எல்என்' (ஃபைல் ஓனர நம்பரா காட்டுற கமாண்ட்) அடிச்சுப் பாத்தா அவங்க மெஷின்ல அவங்க யூஐடி, அதாவது யூசர் நம்பர், 1001, சர்வர்ல 1003, அங்க 1001 ஸ்டோர் பையன், என்எஃப்எஸ் சாதாரண செட்டப்ல பேரப் பாக்காது, நம்பர மட்டுந்தான் பாக்கும்.

அவசரப்பட்டு சர்வரோட பாஸ்வேர்ட் ஃபைல (யூசர் பேரும் நம்பரும் இருக்குற லிஸ்ட்) அப்படியே அக்கா மெஷினுக்கு காப்பி பண்ணேன், முட்டாள்தனம், சிஸ்டம் அக்கவுண்ட் நம்பரெல்லாம் மாறி சில சர்வீஸ் எழும்பவே இல்ல. பேக்கப் இருந்துச்சு, தப்பிச்சேன்.

அப்பறம் அக்காவ தே தாரிக் குடிக்க அனுப்பிட்டு (லாகின்ல இருந்தா மாத்த விடாது) அவங்க யூசர் நம்பர மாத்த 'யூசர்மாட் -யூ 1003' போட்டேன். ஹோம் ஃபோல்டர்ல இருக்குற அவங்க ஃபைலுக்கு ஓனர் நம்பர் தானா மாறிடும், வெளிய கெடக்குறத 'ஃபைண்ட்'ல 1001னு தேடி 'சோன்' (ஓனர மாத்துற கமாண்ட்) பண்ணணும், 'ஃபைண்ட்'ல '-எக்ஸ்டெவ்' (வேற டிஸ்க்குக்குள்ள போகாதன்னு சொல்றது) மறந்தா என்எஃப்எஸ்க்குள்ளயும் பூந்துடும். குரூப்புக்கும் இதே கூத்துதான், குரூப் நம்பர மாத்துற 'குரூப்மாட்' ஃபைல தொடாது. கடைசியா யூசர் லிஸ்ட், குரூப் லிஸ்ட் சரியான்னு பாக்குற 'பிடபிள்யூசிகே', 'ஜிஆர்பிசிகே' ரெண்டும் ஓட்டிப் பாத்தேன், ஒண்ணும் கத்தல.